பனிமூட்டத்தில் மரங்கள்: பிச்சாவரமா, தஞ்சைக் கால்வாய்க்கரையா?

டெல்டாவில் பனி மூடிய காட்டைப் படமெடுக்க எங்கே போகலாம் என்று கேட்டால் பிச்சாவரம் அலையாத்திக் காட்டைத்தான் எல்லோரும் சொல்வார்கள். வேர்களுக்காகப் போவதென்றால் சரி. பனிக்காகவே போவதென்றால், தஞ்சைப் பக்கம் கால்வாய்க்கரைகளில் வனத்துறை வளர்த்திருக்கும் தேக்கு வரிசைகளுக்கே எங்கள் ஓட்டு.

காரணம் எளிது. மார்கழி, தை மாதங்களில் மழை ஓய்ந்து வானம் தெளிந்த இரவில், ஈரவயல் வெப்பத்தை இழந்து குளிர்கிறது. அதை ஒட்டிய காற்றிலுள்ள ஈரம் பனியாகத் தரையோடு படிகிறது. காற்று அசையக் கூடாது என்பதுதான் நிபந்தனை. கடலோரத்தில் வாடை லேசாக வீசினாலே பனி கலைந்துவிடும். உள்ளே, சம்பா வயல்களுக்கு நடுவே ஓடும் கால்வாயில் அந்தத் தொல்லை குறைவு. நீர் காற்றைவிட வெதுவெதுப்பாக இருப்பதால் அதன் மேலிருந்தும் ஆவி இழையிழையாக எழும்.

இன்னொன்று நேரம். ஜனவரியில் சூரியன் எழுவது சுமார் 6.35க்கு, நல்ல வெளிச்சம் 6.15 முதல் 7.30 வரை. கால்வாய்க்கரையில் ஐந்தரைக்கே முக்காலியை ஊன்றிக் காத்திருக்கலாம். பிச்சாவரத்தில் படகு கிளம்பும் நேரத்தை நம்பியிருக்க வேண்டும். அதற்குள் பனி பாதி கரைந்திருக்கும்.

தேக்கில் 70–200 லென்ஸை 135 பக்கம் வைத்து, வரிசையின் நீளவாக்கில் பாருங்கள். பத்துப் பதினைந்து மீட்டரில் ஒரு தண்டு கறுப்பாக நிற்க வேண்டும். அடுத்தவை சாம்பல், அதற்கப்பால் வெறும் நிழல். முன்னால் அந்தக் கறுத்த தண்டு இல்லாவிட்டால் படம் முழுக்க ஒரே சாம்பல் பூச்சுதான். முக்காலி இருப்பதால் ஐஎஸ்ஓ 100, எஃப் 8 போதும். விடியலுக்கு முன் ஷட்டர் ஒன்றிரண்டு நொடிக்கு இறங்கினாலும் இலை அசையாத வரை கவலையில்லை. கரைச் சாலையில் வண்டி வருவது கடைசி நொடி வரை தெரியாது. ஒளி பிரதிபலிக்கும் சட்டை போட்டுக்கொண்டு, முக்காலியைத் தார்ச்சாலையை விட்டு இறக்கியே வையுங்கள்.

படகில் கதை வேறு. முக்காலி வைத்தால் படகின் ஆட்டம் அப்படியே கேமராவுக்கு ஏறும். கையில் பிடித்து 1/250க்குக் குறையாமல், எஃப் 5.6, ஐஎஸ்ஓ 1600 முதல் 3200. துடுப்பை நிறுத்தச் சொல்லி, அலை அடங்கியபின் எடுங்கள். அங்கே 24–35 லென்ஸ்தான் சரி: குறுகிய வாய்க்காலில் சுரபுன்னையின் முட்டுவேர்கள் வெளுத்த நீரில் கோடு கிழித்தாற்போல் நிற்பது தேக்கில் கிடைக்காத படம். கடல்நீர் வற்றும் நேரம் பார்த்துப் போனால் வேர் இன்னும் கூடுதலாகத் தெரியும். எட்டரை வரை பனி நிற்கும் நாள் வாய்த்தால் பிச்சாவரம் தேக்கைத் தோற்கடித்துவிடும்.

முத்துப்பேட்டை அலையாத்திக்கும் இதே படகுச் சிக்கல்; அங்கே பரப்பும் விரிந்தது, பனியில் அடுக்கு பிடிக்காது. கோடியக்கரைக்கு வெளிமானுக்காகப் போங்கள். இரு பக்கமும் கடல். பனியை நம்பிப் போகிற இடமல்ல.

எங்கே போனாலும் தவறுவது இரண்டு. கேமராவின் ஒளி அளவி வெண்பனியைச் சாம்பலாக்கப் பார்க்கும். எக்ஸ்போஷரை +2/3 முதல் +1 வரை ஏற்றி, ஹிஸ்டோகிராம் (ஒளி அளவைக் காட்டும் வரைபடம்) வலது விளிம்பில் முட்டாமல் பாருங்கள். ஆட்டோஃபோகஸ் பனியில் தடுமாறும். ஒற்றைப் புள்ளியை அருகிலுள்ள தண்டின் விளிம்பில் வைத்துப் பிடித்து, உடனே மேனுவலுக்கு மாற்றுங்கள். லாட்ஜில் ஏசி போட்டுத் தூங்கினால் வெளியே வந்ததும் லென்ஸ் வேர்த்துவிடும். பையை மூடியபடியே அரை மணி நேரம் வெளியில் வைத்துவிட்டுத் திறங்கள்.

மேட்டூர் அணை வழக்கமாக ஜனவரி 28ல் மூடப்படும். அதன்பின் சில நாளில் கால்வாய் வற்றி, பிம்பமும் நீராவியும் போய்விடும்; தேக்கும் இலை உதிர்க்கத் தொடங்கும். ஆகவே பொங்கலை ஒட்டிய நாட்களைத் தேர்ந்தெடுங்கள். முந்தைய இரவு பத்து மணிக்கு வானிலைச் செயலியில் வெப்பநிலைக்கும் பனிநிலைக்கும் (dew point, காற்றிலுள்ள ஈரம் நீர்த்துளியாகத் தொடங்கும் வெப்பநிலை) இடைவெளி 2 டிகிரிக்குள், காற்று மணிக்கு 5 கிலோமீட்டருக்குள் இருந்தால் அலாரம் வையுங்கள்; வானில் மேகம் திரண்டிருந்தால் தூங்கலாம்.