நேரலையா, முன்பதிவா? மதுரை வட்டாரச் சமுதாய வானொலிகளுக்கான ஓர் ஒப்பீடு

சமுதாய வானொலி ஒன்றை நடத்துவோர் ஒவ்வொரு நாளும் தீர்க்கவேண்டிய கேள்வி, எந்தப் பொழுதுக்கு அறிவிப்பாளரை ஒலிவாங்கியின் முன் உட்காரவைப்பது, எந்தப் பொழுதை முன்கூட்டியே பதிவுசெய்த நிகழ்ச்சிகளிடம் விடுவது என்பதே. மேலூரிலோ உசிலம்பட்டியிலோ 100 வாட் திறனில் இயங்கும் நிலையத்தின் ஒலி சுமார் 10 முதல் 15 கிலோமீட்டர் வரைதான் போகும். கேட்பவர்கள் எல்லாரும் அக்கம்பக்கத்தார் என்பதை வைத்தே இந்த இரண்டையும் எடைபோட வேண்டும்.

நேரலையின் வலிமை காலைப் பொழுதில் தெரியும். மாட்டுத்தாவணி மலர்ச் சந்தையில் அன்றைய மல்லிகை விலை, பெரியாறு பாசனக் கால்வாயில் தண்ணீர் திறப்பு, மாதாந்திரப் பராமரிப்புக்கான மின்தடை ஆகியவை சில மணி நேரம் கழித்துச் சொன்னால் பயன்படாதவை. சமுதாய வானொலி தானே செய்தி தயாரித்து வாசிக்க அனுமதி இல்லை. அகில இந்திய வானொலியின் செய்தியை அப்படியே எடுத்து ஒலிபரப்பலாம். ஆனால் வானிலை, போக்குவரத்து, குடிநீர், மின்சாரம் பற்றிய அறிவிப்புகளுக்குத் தடையில்லை. அவற்றில்தான் உள்ளூர் நிலையத்தின் மதிப்பே இருக்கிறது.

அந்த மதிப்புக்குக் கொடுக்கும் விலையும் பெரிது. ஒருவர் பேச, இன்னொருவர் தொலைபேசி அழைப்புகளைக் கவனிக்க வேண்டும். சிறிய நிலையங்களில் இரண்டும் ஒருவர் தலையில் விழுகின்றன. முகூர்த்த நாளில் அவர் வராவிட்டால் ஒலிபரப்பே நின்றுபோகும். அரசியல் நிகழ்ச்சிகளுக்கு அனுமதி இல்லாத ஊடகத்தில், நேயர் ஒருவர் கட்சிப் பெயரைச் சொல்லித் தாக்கிப் பேசிவிட்டால் அதைத் திரும்பப் பெறவும் வழியில்லை.

முன்பதிவில் இந்தக் கவலைகள் குறைவு. அதைவிட முக்கியமாக, நிகழ்ச்சிகளில் பாதிக்குக் குறையாமல் உள்ளூர் மக்களின் பங்கேற்போடு உருவாக வேண்டும் என்ற விதியை நிறைவேற்ற அதுவே இயல்பான வழி. நாற்று நடும் பெண்கள் பத்து மணிக்கு நிலையத்துக்கு வரமாட்டார்கள். இரவுச் சாப்பாட்டுக்குப் பின் கூடும் மகளிர் குழுவிடம் ஒலிப்பதிவுக் கருவிதான் போகவேண்டும். விளம்பரங்களும் பட்டியலிட்ட நேரத்தில் தவறாமல் போகும். மணிக்கு 12 நிமிடம் என்ற உச்சவரம்பைக் கண்காணிப்பதும் எளிது. ஒலிபரப்பியதை மூன்று மாதம் பாதுகாக்கும் கடமைக்கும் பதிவு நிகழ்ச்சியின் கோப்பு ஏற்கெனவே இருக்கிறது. நேரலைக்கோ தனியாகப் பதிவு ஓட வேண்டும். அது ஓடுகிறதா, வன்தட்டில் இடம் இருக்கிறதா என்று தினமும் காலையில் பார்ப்பவர் யார் என்பதைப் பெயர் சொல்லி ஒதுக்கிவிட வேண்டும்.

முன்பதிவின் நோய், பழசாகிப்போவது. "நாளை நடக்கும் கண் சிகிச்சை முகாம்" என்ற அறிவிப்பு, முகாம் முடிந்த வாரத்தில் மறுஒலிபரப்பில் கேட்டால், அடுத்த முகாமுக்கு வரவேண்டியவர்களும் நம்மை நம்பமாட்டார்கள். உரையாடலில் "நாளை", "இந்த வாரம்" போன்ற சொற்களைத் தவிர்த்து, அறிவிப்பைத் தனிக் கோப்பாக வைத்து, கோப்பின் பெயரிலேயே காலாவதித் தேதியை எழுதும் பழக்கம் இதற்கு நல்ல மருந்து.

என் தீர்ப்பு முன்பதிவின் பக்கமே: நாளின் உடல் பதிவு நிகழ்ச்சிகளாக இருக்கட்டும், காலை ஆறு முதல் எட்டு வரையும், வேலை முடிந்து வீடு திரும்பும் மாலையில் ஒரு மணி நேரமும் நேரலையாக இருக்கட்டும். சித்திரைத் திருவிழா மட்டும் விலக்கு. அழகர்கோவிலிலிருந்து புறப்பட்ட கள்ளழகர் இப்போது எந்த மண்டகப்படியில் இருக்கிறார் என்று கேட்பவருக்குப் பதிவு நிகழ்ச்சியால் பதில் சொல்ல முடியாது. அந்த நாட்களில் நிலையத்தார் எல்லாரும் முறைவைத்துத் தூங்கியாவது நேரலையைக் காக்க வேண்டும். கூட்டத்தில் கைபேசி இணைப்பு திணறும் என்பதால், வழியோரத்தில் தரைவழித் தொலைபேசி உள்ள வீடுகளிலோ கடைகளிலோ முன்கூட்டியே பேசிவைப்பதும் நல்லது.

ஆளே ஒருவர்தான் என்ற நிலை வந்தால் மாலை நேரலையை விட்டுவிடலாம்; காலை நேரலையை விடக்கூடாது.