அம்மாவின் கல்லில் ஒரு புள்ளிகூடத் தவறவில்லை: சுங்கை சிப்புட்டில் ஒரு கல்லறைக் கல் கடை

மலேசியாவின் பேராக் மாநிலத்தில், ஓர் எழுத்துக்கு 4 வெள்ளி (ரிங்கிட்) என்று கணக்குப் போடும் கடை இது. தவுக்கே, அதாவது கடை முதலாளி, சீனர். சீன எழுத்தென்றால் எண்ணுவது சுலபம், தமிழை எப்படி எண்ணுவது என்று மலாயில் என்னிடமே கேட்டார். ‘மே’ என்பது ஒன்றா, இரண்டா? ‘ப்’ தலையில் இருக்கும் புள்ளிக்குத் தனிக் காசா? அம்மா முதலாம் ஆண்டுப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்த கணக்கையே சொன்னேன். உயிர் 12, மெய் 18, உயிர்மெய் 216, ஆய்தம் 1, ஆக 247. ‘மே’ ஓர் எழுத்து, ‘ப்’ ஓர் எழுத்து. “சிகு மகள் சொன்னால் சரி” (சிகு என்றால் மலாயில் ஆசிரியர்) என்று பழைய ரசீதின் பின்பக்கத்தில் 58 எழுத்துக்கு 232 வெள்ளி என்று எழுதிக்கொண்டார்.

அம்மா 2023 நவம்பரில் தவறினார், 82 வயதில். தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் 33 வருடம் ஆசிரியை. ஞாயிற்றுக்கிழமை மெதடிஸ்ட் தமிழ்ச் சபையில் ஓய்வுநாள் பள்ளி. அவர் கையில் எப்போதும் ஒரு சிவப்புப் பேனா இருக்கும். கல்யாணப் பத்திரிகை வந்தாலும் முதலில் ஒற்றுப்பிழையைத்தான் பார்ப்பார், அப்புறம்தான் மாப்பிள்ளை யார் என்று கேட்பார். அப்படிப்பட்டவர் தலைமாட்டில் பிழையோடு ஒரு கல் நிற்கக்கூடாது. எனக்கு இருந்த கவலை அது ஒன்றுதான்.

முதலில் ஈப்போவில் ஒரு பெரிய கடைக்குத்தான் போனோம். அவர்கள் அனுப்பிய மாதிரியைப் பார்த்து அழுகை வந்துவிட்டது. 23ஆம் சங்கீதத்தின் முதல் வரியைக் கேட்டிருந்தோம். அதில் ‘மேய்ப்பர்’ என்று வரும் இடத்தில், ம-வுக்கு முன்னால் நிற்க வேண்டிய இரட்டைக் கொம்பு பின்னால் போய் ய்-யோடு ஒட்டிக்கொண்டிருந்தது. தமிழ் எழுத்தைச் சேர்க்கத் தெரியாத பழைய வரைகலை மென்பொருளில் இப்படித்தான் கொம்பெல்லாம் இடம் மாறும். சொன்னால், “யார் பார்க்கப் போகிறார்கள்” என்று பதில் வந்தது. முன்பணம் போனால் போகட்டும் என்று வந்துவிட்டோம்.

சுங்கை சிப்புட் கடையிலும் அதே பழைய மென்பொருள்தான். ஆனால் தவுக்கே தட்டச்சு செய்யவே இல்லை. “எனக்குப் படிக்கத் தெரியாது, நீங்களே படமாகக் கொண்டு வாருங்கள், நான் படத்தை வெட்டுகிறேன்” என்றார். என் மகள் எழுத்தையெல்லாம் கோட்டு வடிவமாக மாற்றிக் கோப்பாகக் கொடுத்தாள். தமிழில் கல் செய்பவர்கள் எந்தக் கடைக்குப் போனாலும் இப்படியே செய்யுங்கள்.

அப்புறம் வேலையைப் பக்கத்தில் நின்று பார்த்தேன். கல்மேல் ரப்பர்த் தாளை ஒட்டி, அதில் இயந்திரம் எழுத்தை வெட்டுகிறது. வெட்டிய இடத்தை உரித்தெடுத்துவிட்டு, காற்றழுத்தத்தில் மணலை அடிக்கிறார்கள். ரப்பர் இல்லாத இடம் குழியாகும். தமிழுக்கு இதில் இரண்டு ஆபத்து. புள்ளியை உரிக்க மறந்தால் ‘தமிழ்’ ‘தமிழ’ என்று நின்றுவிடும். ‘ண’வின் சுழிக்குள் இருக்கும் கடுகளவு ரப்பர் பிய்ந்து போனால் சுழியே இருக்காது, வெறும் பள்ளம்தான். தவுக்கே கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, ஊசியால் ஒவ்வொரு புள்ளியாகக் குத்தி எடுத்தார். சுழிக்குள் இருந்ததை விரலால் அழுத்தி அழுத்தி ஒட்டினார். முடித்ததும் என் தாளை வாங்கிப் பக்கத்தில் வைத்து, படிக்கத் தெரியாத எழுத்தை வரிவரியாக ஒப்பிட்டார். முக்கால் மணி நேரம் ஆனது. அம்மா பரீட்சைத் தாள் திருத்துவதும் இப்படித்தான் இருக்கும். அந்தக் காலத்தில் எங்கள் தோட்டத்தில் இரவு 10 மணிக்கு மின்சாரத்தை நிறுத்திவிடுவார்கள், அதற்கு மேல் மண்ணெண்ணெய் விளக்குதான். அப்போது அமைச்சராக இருந்த துன் சம்பந்தன் 1960-இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கி, மாதம் 10 வெள்ளி கட்டித் தொழிலாளர்களே தோட்டம் வாங்கலாம் என்றபோது, எழுதத் தெரியாத பால்மரத் தொழிலாளர்கள் விண்ணப்பப் பாரத்தை எடுத்துக்கொண்டு எங்கள் வீட்டுக்குத்தான் வந்தார்கள். அதே விளக்கில் அம்மா எழுதிக்கொடுத்தார். ஒரு பெயரிலும் பிழை விடமாட்டார். “அவர்கள் பெயர் அது, நம் இஷ்டத்துக்கு எழுதக்கூடாது” என்பார்.

கல் விஷயத்திலும் தவுக்கே நேர்மையானவர். அண்ணன் வெள்ளைப் பளிங்குதான் வேண்டும் என்று நின்றார். ஈப்போ சுண்ணாம்பு மலைகளைப் பார்த்து வளர்ந்த எங்களுக்கு அந்த ஆசை இயல்புதான். தவுக்கே வேண்டாம் என்றார். பளிங்கும் சுண்ணாம்புக்கல் வகைதான், மழைநீரில் இருக்கும் லேசான அமிலம் அதை மெல்ல மெல்லத் தின்றுவிடும், கறுப்பு கிரானைட் தாங்கும் என்றார். நம்பவில்லையென்றால் கல்லறைத் தோட்டத்துப் பழைய கற்களைத் தடவிப் பாருங்கள் என்றார். தடவிப் பார்த்தோம். சிலவற்றில் பெயரே வழவழவென்று போய்விட்டிருந்தது. கல், சிமெண்டு மேடை, எழுத்து, பீங்கான் படம், பொருத்தும் கூலி எல்லாம் சேர்த்து 3,150 வெள்ளி.

குறைகளும் உண்டு. போன் எடுக்க மாட்டார்கள், நேரில்தான் போக வேண்டும். மேடைக்குச் சிமெண்டு போடும் வாரம் முழுக்க மழை பெய்ததால் சொன்ன நாளைவிட மூன்று வாரம் தள்ளிப்போனது. பீங்கான் படத்தை வெளியே கொடுத்துச் செய்கிறார்கள். முதல் படத்தில் அம்மாவை வெளுக்க வைத்திருந்தார்கள். எங்கள் அம்மா நல்ல கறுப்பு, அந்த நிறத்தில்தான் எங்களுக்கு அம்மா. திருப்பிக் கொடுத்தேன், இரண்டாவது சரியாக வந்தது. கூடுதல் காசு கேட்கவில்லை. இன்னொன்று, ஏப்ரல் தொடக்கத்தில் சீனர்கள் முன்னோர் கல்லறைக்குப் போகும் சிங்மிங் திருநாள் வரும். அதற்கு முந்தைய இரண்டு மாதமும் கடையில் நிற்க இடமிருக்காது. ஈஸ்டருக்குள் கல் வேண்டுமென்றால் முந்தைய வருடமே சொல்லிவிடுங்கள்.

பொருத்திய அன்று அப்பாவையும் அழைத்துப் போனோம். 86 வயது, தோட்டத்தில் கிராணியாக (எழுத்தராக) இருந்து ஓய்வு பெற்றவர். கல்லின் வலது பாதியைத் தனக்காகக் காலியாக விடச் சொன்னவரும் அவர்தான். ஒவ்வொரு வரியையும் விரலால் தொட்டுப் படித்தார். பிறகு தவுக்கேயைக் கூப்பிட்டு, தன் பக்கத்துக்கும் இதே அளவு எழுத்துதானே என்று கேட்டார். ஆமாம், அளவைக் குறித்து வைத்திருக்கிறேன் என்றார் அவர். “டீச்சர் எழுத்தைவிடப் பெரிதாகப் போட்டுவிடாதே” என்று சொல்லிவிட்டு, அப்பா காருக்கு நடந்தார்.