எழுத்தெண்ணும் இணையக் கருவியில் தமிழை அளப்பது: நெடுநாள் பயன்பாட்டு அனுபவம்

அறிவிப்புக் குறுஞ்செய்திகளையும் இதழ்களுக்கான கட்டுரைகளையும் தமிழில் எழுதிக் கொடுப்பது என் தொழில். இரண்டிலும் அளவு முன்கூட்டியே வரையறுக்கப்பட்டிருக்கும் என்பதால், உரையை ஒட்டியவுடன் சொற்களையும் எழுத்துகளையும் எண்ணிக் காட்டும் இலவச இணையக் கருவியொன்றைச் சில ஆண்டுகளாக அன்றாடம் பயன்படுத்தி வருகிறேன். பதிவு செய்துகொள்ளத் தேவையில்லை. நீண்ட கட்டுரையை ஒட்டினாலும் தயங்காமல் எண்ணுகிறது. ஆனால் தமிழில் எழுதுபவர்கள் அது எதை எண்ணுகிறது என்பதை அறிந்துகொண்ட பிறகே அதன் எண்ணை நம்ப வேண்டும்.

‘தமிழ்’ என்று தட்டிப் பாருங்கள். நாம் மூன்றெழுத்து என்போம். கருவி ஐந்து என்று காட்டும். கணினியில் எழுத்துகளைக் குறிக்கும் பொதுமுறையான யூனிகோடில் ‘மி’ என்பது மகரமும் இகரக் குறியும் சேர்ந்த இரண்டு குறியீடுகள். ‘ழ்’ என்பதும் ழகரமும் புள்ளியுமாக இரண்டு. இத்தகைய கருவிகளில் பெரும்பாலானவை இந்தக் குறியீடுகளைத்தான் எண்ணுகின்றன. இதைக் கருவியின் பிழை என்று நான் கருதவில்லை, ஏனெனில் குறுஞ்செய்தி வேலைக்கு வேண்டியது இந்த எண்ணிக்கையே.

ஆங்கிலக் குறுஞ்செய்தி ஒன்றில் 160 குறிகள் அடங்கும். அதில் ஒரே ஒரு தமிழ் எழுத்து நுழைந்தாலும் முழுச் செய்தியும் வேறு குறியாக்கத்துக்கு மாறி, வரம்பு 70 ஆகச் சுருங்கிவிடும். 70-ஐத் தாண்டினால் செய்தி துண்டுகளாகப் பிரிந்து, துண்டுக்கு 67 என்ற கணக்கில் செல்லும். மொத்தமாக அனுப்புவோருக்குக் கட்டணமும் துண்டுவாரியாகவே விழும். ஓர் எடுத்துக்காட்டு: ‘தங்கள் மின்கட்டணத்தை இம்மாதம் 15ஆம் தேதிக்குள் செலுத்தவும்.’ இடைவெளிகளையும் முற்றுப்புள்ளியையும் சேர்த்துக் கையால் எண்ணினால் 38 வரும். கருவி 59 என்கிறது. இதன்பின் ‘நன்றி.’ என்று சேர்த்தால் 66. ஒரே செய்தியில் அடங்கிவிடும். அதையே ‘நன்றி, வணக்கம்.’ என்று விரித்தால் 75 ஆகி, செலவு இரட்டிப்பாகும். கண்ணளவில் ஒரு போதும் பிடிபடாத இந்த எல்லையைத் தட்டும்போதே காட்டுவதுதான் இக்கருவியால் நான் பெற்ற பெரும்பயன். எக்ஸ் தளத்தின் 280 வரம்பும் தமிழுக்குக் குறியீட்டுக் கணக்கிலேயே அமைவதால், அங்கும் இதே எண் பொருந்துகிறது.

அச்சு வேலைக்கு வரும்போது நிலைமை வேறு. ‘ஆயிரம் எழுத்துகளுக்குள்’ என்று ஆசிரியர் கேட்டால், அவர் நினைப்பது உயிர்மெய்யை ஒன்றாக எண்ணும் அகராதி எழுத்தையா, குறியீட்டையா என்று முதலிலேயே கேட்டுத் தெளிந்துகொள்வது நல்லது. இரண்டுக்கும் இடையே மூன்றில் ஒரு பங்குக்கு மேலும் வேறுபாடு வரக்கூடும். சொற்கணக்கு இன்னும் நெகிழ்வானது. இடைவெளியை வைத்தே கருவி சொற்களைப் பிரிப்பதால், ‘செலுத்தவேண்டும்’ ஒன்று, ‘செலுத்த வேண்டும்’ இரண்டு. சேர்த்தெழுதும் பழக்கமுள்ளவரின் ஐந்நூறு சொற்களும் பிரித்தெழுதுபவரின் ஐந்நூறு சொற்களும் பக்கத்தில் ஒரே இடத்தைப் பிடிப்பதில்லை. ஆகவே இதழ்களுக்குச் சொற்கணக்கையும் குறியீட்டுக் கணக்கையும் சேர்த்தே குறிப்பிட்டு அனுப்புகிறேன்.

பிறரிடமிருந்து வாங்கிய உரையை எண்ணும்போது கூடுதல் கவனம் தேவை. பாமினி போன்ற பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்த கட்டுரையை ஒட்டினால் ஆங்கில எழுத்துகளே தெரியும். யூனிகோடுக்கு மாற்றாமல் அதன் எழுத்துக் கணக்கைப் பயன்படுத்த முடியாது. இதைவிட நுட்பமான சிக்கல் ஒன்று உண்டு. ‘கொடு’ என்பதில் உள்ள ஒகரக் குறியை ஒரே குறியீடாகவும் எழுதலாம். கொம்பு, கால் என இரண்டாகவும் எழுதலாம். திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். கருவியோ முதலாவதை நான்கு என்றும் இரண்டாவதை ஐந்து என்றும் எண்ணும். குறுஞ்செய்தி வரம்பை ஒட்டி நிற்கும்போது இந்த ஓர் எண்ணும் கணக்கில் வரும்.

வெளியிடப்படாத உரையை ஒட்டுபவர்கள், அது சேவையகத்துக்குப் போகிறதா என்பதையும் பார்க்க வேண்டும். பக்கம் திறந்தபின் இணைய இணைப்பைத் துண்டித்துவிட்டு, மாதிரி வரி ஒன்றைத் தட்டிப் பாருங்கள். எண்ணிக்கை தொடர்ந்து மாறினால், எண்ணும் வேலை உங்கள் உலாவியிலேயே நடக்கிறது. நான் பயன்படுத்தும் கருவி இச்சோதனையில் தேறியது. எனினும் இணைப்பு திரும்பியபின் உரை அனுப்பப்படாது என்று இது உறுதி கூறாது என்பதால், ஒப்பந்த வரைவு போன்றவற்றை இணைப்பைத் துண்டித்தே எண்ணி, பக்கத்தை மூடிய பிறகுதான் மீண்டும் இணைக்கிறேன்.

ஒரு குறை மட்டும் நெடுநாளாக உறுத்துகிறது. உயிர்மெய்யை ஓரெழுத்தாக எண்ணும் வசதி இன்றைய உலாவிகளிலேயே உள்ளது. பைத்தான் நிரல்மொழியில் ஓப்பன்-தமிழ் என்ற ஆயத்த நிரல் தொகுப்பு (நிரலகம்) அதைச் செவ்வனே செய்கிறது. குறியீட்டு எண்ணுக்குப் பக்கத்தில் ‘தமிழ் எழுத்துகள்’ என்று இன்னொரு கட்டத்தைச் சேர்ப்பது பெரிய வேலையன்று. அதுவரை அகராதி எழுத்துக் கணக்கு வேண்டிய உரைகளை அந்த நிரலகத்தில் தனியே எண்ணிக்கொள்கிறேன். மற்ற எல்லாவற்றுக்கும் இக்கருவியே போதுமானதாக இருக்கிறது.