501-வது யூனிட்டின் விலை: கரண்டு அளக்கும் பிளக் பற்றி

வாங்கலாமா வேண்டாமா என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வாங்கலாம், ஆனால் தெருவுக்கு ஒன்று போதும்.

சுவர் பிளக் பாயிண்டில் இந்தப் பெட்டியைச் சொருகி, இதன் முகத்தில் ஃபிரிட்ஜையோ டிவியையோ சொருகினால், அந்தச் சாமான் இப்போது எத்தனை வாட் இழுக்கிறது, சொருகின நேரத்திலிருந்து எத்தனை யூனிட் ஓடியிருக்கிறது, அதற்கு எத்தனை ரூபாய் ஆச்சு என்று ஒரு சின்னத் திரையில் காட்டும். அவ்வளவுதான் வேலை. விலை ஆயிரம் ரூபாய்க்குள். ஜங்ஷன் பக்கம் எலக்ட்ரிக் கடையில் கேட்டபோது அண்ணாச்சி, "மீட்டர்தான் வாசல்ல இருக்கே, உள்ள எதுக்கு இன்னொண்ணு?" என்றார். அவர் கேட்டதும் நியாயம்தான். ஆன்லைனில்தான் வாங்க வேண்டியிருந்தது. பிராண்ட் பெயர் எழுதவில்லை, ஏனென்றால் இதே பெட்டி நாலைந்து பெயரில் வருகிறது, உள்ளே சரக்கு ஒன்றுதான் போலிருக்கிறது.

எதற்கு வாங்கினேன் என்றால், 500. தமிழ்நாட்டில் கரண்டு பில் கட்டுகிற எல்லோருக்கும் இந்த எண் தெரியும், ஆனால் அதன் கணக்கை உட்கார்ந்து போட்டவர்கள் குறைவு. கூடங்குளத்தில் ஆயிரம் மெகாவாட் உலை இரண்டு ஓடுகிற மாவட்டம் இது, பாபநாசத்தில் 1944-லிருந்து அணைத் தண்ணீரில் கரண்டு எடுக்கிறார்கள், கயத்தாறு பக்கம் போனால் கண்ணுக்கு எட்டிய தூரம் காற்றாலைதான். இத்தனை இருந்தும் பாளையங்கோட்டையில் ஒரு சித்திரை மாதத்து ராத்திரியில் ஏசியைப் போடலாமா வேண்டாமா என்பதை முடிவு பண்ணுவது அந்த 500 என்ற எண்தான். 2022 செப்டம்பரில் மாற்றிய அட்டவணையை எடுத்துக்கொள்வோம், கணக்கு சுலபமாக இருக்கும். இரண்டு மாதத்தில் 500 யூனிட்டுக்குள் நின்றால் முதல் 100 இலவசம், அடுத்த 100-க்கு யூனிட் 2.25 ரூபாய், அடுத்த 200-க்கு 4.50, கடைசி 100-க்கு 6. மொத்தம் 1725 ரூபாய். ஒரே ஒரு யூனிட் கூடி 501 ஆனால் அந்த 2.25 ரூபாய்ச் சலுகை கையைவிட்டுப் போய்விடும், 101-லிருந்து 400 வரைக்கும் 4.50, அப்புறம் 6, 500-க்கு மேலே 8. மொத்தம் 1958. ஆக 501-வது யூனிட்டின் விலை 233 ரூபாய்! அதற்கு முந்தைய அட்டவணையில் இதைவிட மோசம், அந்த ஒரு யூனிட்டுக்கு ஏறக்குறைய 650 ரூபாய் வரும். 2024 ஜூலையில் விலை கொஞ்சம் ஏறியபோதும் 500 என்ற கோடு மட்டும் இடம் மாறவில்லை.

இப்படி ஒரு கோட்டைப் போட்டுவிட்டால் ஜனங்கள் அதைச் சுற்றித்தான் நடப்பார்கள். மாடிக்குத் தனி மீட்டர் வாங்குவது, ரீடிங் எடுக்கிறவர் வருகிற வாரத்தில் துணி துவைப்பதைத் தள்ளிப் போடுவது, ராத்திரி பத்து மணிக்கு டார்ச் அடித்து மீட்டரைப் பார்ப்பது எல்லாம் அந்தக் கோட்டின் வேலை. 500-ஐ 60 நாளால் வகுத்தால் நாளைக்கு 8.33 யூனிட். "அப்ப எட்டு யூனிட்ல நிறுத்திட்டா போதும்" என்று என் மகள் சொன்னாள், ஐந்தாம் வகுப்பு. போதும்தான், ஆனால் நாளைக்கு எட்டு என்று ஓட்டினால் 62 நாளில் 496, ரீடிங் 63-வது நாளில் எடுத்தால் 504. அவ்வளவு மெல்லிய இடைவெளியில்தான் பாதி நடுத்தரக் குடும்பங்கள் நிற்கின்றன.

சரி, பெட்டிக்கு வருவோம். இதை வைத்து வீடு முழுக்க ஒவ்வொன்றாக அளந்தேன். முதலில் அம்மாவுக்குப் பெரிய சந்தேகம், "ஏய்யா, இந்தச் சவம் எவ்வளவு கரண்டு குடிக்கும்?" என்று. ஒரு வாட் கூட இல்லை, கவலை வேண்டாம். அம்மா இத்தனை வருடமாக எங்களைத் திட்டித் தீர்த்தது லைட்டுக்கும் செல்போன் சார்ஜருக்கும்தான். 9 வாட் எல்இடி பல்பு தினம் ஐந்து மணி நேரம் எரிந்தாலும் இரண்டு மாதத்துக்கு 2.7 யூனிட். போன் இல்லாமல் சும்மா சொருகியிருக்கிற சார்ஜரை இந்தப் பெட்டி பூஜ்யம் என்றே காட்டுகிறது, அவ்வளவு குறைவு. கிரைண்டரில் இட்லி மாவு ஆட்டி முடித்தால் 0.1 யூனிட் பக்கம். யாருமே திட்டாத செட்டாப் பாக்ஸ் டிவி அணைந்த பிறகும் 10 வாட் இழுத்துக்கொண்டே இருந்தது, அதாவது இரண்டு மாதத்துக்கு 14 யூனிட், எந்தப் படமும் பார்க்காமல். பழைய ஃபிரிட்ஜ் ஒரு நாளுக்கு ஒன்றரை யூனிட். பாத்ரூம் ஹீட்டர் 2000 வாட், இருபது நிமிஷம் போட்டால் 0.67 யூனிட், ஒரு ஆள் குளிக்கிற சுடுதண்ணீரில் அந்தப் பல்பு பதினாலு நாள் எரியும். ஏசி ஒரு ராத்திரிக்கு ஐந்து யூனிட்டைத் தாண்டியது.

இது எங்கள் அம்மாவின் கோளாறு மட்டும் இல்லை. 2010-இல் அமெரிக்காவில் ஷாஜீன் அட்டாரி என்கிற ஆய்வாளரும் அவருடைய கூட்டாளிகளும் 505 பேரிடம் எந்தச் சாமான் எவ்வளவு கரண்டு தின்னும் என்று கேட்டார்கள். சின்னச் சாமான்களை ஓரளவு சரியாகச் சொன்னவர்கள் பெரியவற்றைப் படுமோசமாகக் குறைத்துச் சொன்னார்கள், சராசரியாக உண்மையான அளவில் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்குதான் சொன்னார்கள். கரண்டை மிச்சம் பிடிக்க என்ன செய்யலாம் என்று கேட்டதற்கு நிறையப் பேர் சொன்னது லைட்டை அணைப்பது. கண்ணுக்குத் தெரிகிறதைத்தான் மனுஷன் எண்ணுகிறான், வெளிச்சம் தெரிகிறது, சுவருக்குள் கொதிக்கிற ஹீட்டர் தெரியவில்லை. இந்தப் பெட்டி செய்கிற ஒரே நல்ல காரியம் அந்தத் திட்டுக்களை இடம் மாற்றியதுதான். இப்போது எங்கள் வீட்டில் செட்டாப் பாக்ஸ் திட்டு வாங்குகிறது.

குறைகளும் உண்டு. மின்விசிறி, டியூப் லைட், தண்ணீர் மோட்டார் என்று பிளக் இல்லாமல் நேராக வயர் கொடுத்த எதையும் அளக்க முடியாது. நம் ஊரில் ஃபேன்தான் ராப்பகலாக ஓடுகிறது, அதை அளக்க வழியில்லை என்பது சின்ன விஷயம் இல்லை. (பழைய ஃபேன் 75 வாட், புது பிஎல்டிசி ஃபேன் 30 வாட் பக்கம் என்று அட்டையிலேயே போட்டிருக்கும், தினம் பதினைந்து மணி நேரம் ஓடுகிற ஒரு ஃபேனை மாற்றினால் இரண்டு மாதத்துக்கு 40 யூனிட் குறையும், அதற்கு இந்தப் பெட்டி தேவையில்லை.) திரைக்கு வெளிச்சம் கிடையாது, ஃபிரிட்ஜ் பின்னால் குனிந்து செல்போன் லைட் அடித்துத்தான் படிக்க வேண்டும். பெட்டி கனமாக இருப்பதால் தளர்ந்த பிளக் பாயிண்டில் தொங்குகிறது. ஏசி, ஹீட்டரை அளக்கிறவர்கள் 16 ஆம்பியர் போட்டிருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள், 6 ஆம்பியர் பெட்டியில் ஹீட்டரைச் சொருகினால் உருகிப்போகும். அப்புறம் ஃபிரிட்ஜை ஐந்து நிமிஷம் பார்த்துவிட்டு முடிவுக்கு வராதீர்கள். கம்ப்ரசர் ஓடும்போது 150 வாட், நின்றால் ஒன்றும் இல்லை, பார்த்த நேரத்தைப் பொறுத்து ஃபிரிட்ஜ் ராட்சசனாகவோ சாதுவாகவோ தெரியும். முழுசாக 24 மணி நேரம் விட்டு யூனிட்டைப் பாருங்கள்.

பெரிய குறை வேறு. ரூபாய் கணக்குக்கு யூனிட் விலை என்று ஒரே ஒரு எண்ணைத்தான் கொடுக்க முடியும். நம்முடைய பில் ஒரு எண்ணில் நிற்கிறதா? என்ன கொடுப்பது? 300 யூனிட் ஓட்டினால் அந்த 2022 அட்டவணைப்படி 675 ரூபாய், சராசரி 2.25. ஆனால் 301-வது யூனிட் 4.50. 501-வது யூனிட்டின் கதை மேலே சொன்னதுதான். பொருளாதாரப் பாடப்படி மனுஷன் அடுத்த யூனிட்டின் விலையைப் பார்த்துத்தான் ஸ்விட்சைத் தட்ட வேண்டும். கோய்ச்சிரோ இட்டோ என்கிற பொருளாதார ஆய்வாளர் கலிபோர்னியா பில்களை எடுத்துப் பார்த்து 2014-இல் எழுதியது என்னவென்றால், ஜனங்கள் அடுத்த யூனிட்டின் விலைக்கு அசைவதில்லை, சராசரிக்குத்தான் அசைகிறார்கள். பில்லில் மொத்தத் தொகைதான் கண்ணில் படுகிறது, யூனிட் ஏற ஏற விலை ஏறுகிற படிக்கட்டு யாருக்கு ஞாபகம் இருக்கிறது? ஆனால் நம் 500 அப்படிப்பட்ட படிக்கட்டு இல்லை. இங்கே ரீடிங் வாரத்தில் எல்லோரும் கடைசி யூனிட்டைத்தான் பார்க்கிறார்கள், மற்ற ஏழு வாரமும் யாரும் பார்ப்பதில்லை. தமிழ்நாட்டுக்கு இந்தப் பெட்டியை விற்கிறவர்கள் படிப்படியாக விலை கொடுக்கிற வசதியைச் சேர்த்திருந்தால் ஒரு நட்சத்திரம் கூடவே கொடுத்திருப்பேன்.

எண் கையில் வந்ததும் வீட்டில் என்ன நடந்தது என்பதுதான் எனக்குச் சுவாரசியம். முதல் வாரங்களில் எல்லோரும் கணக்கப்பிள்ளை. மகன் ஏசியை 20-லிருந்து 26-க்கு அவனாகவே ஏற்றினான். பிறகு எதிர்வீட்டு அக்கா கோலம் போடும்போது பேச்சுவாக்கில் "எங்களுக்கு 480 வந்துச்சு, உங்களுக்கு எவ்வளவு?" என்றார்கள், நாங்கள் 410. மனைவி அதை உள்ளே வந்து சொன்ன அன்று ராத்திரியே மகன், "அப்ப நமக்கு இன்னும் 90 இருக்குல்லா?" என்று ஏசியைப் பழைய இடத்துக்கு இறக்கிவிட்டான். இதுவும் புதுசு இல்லை. 2007-இல் வெளியான ஓர் ஆய்வில் கலிபோர்னியாவின் சான் மார்கோஸ் ஊரில் சுமார் 290 வீடுகளின் கதவில், உங்கள் அக்கம்பக்கத்துச் சராசரி இவ்வளவு, நீங்கள் இவ்வளவு என்று சீட்டுத் தொங்கவிட்டார்கள். சராசரிக்கு மேலே இருந்தவர்கள் குறைத்தார்கள். கீழே இருந்தவர்கள் கூட்டினார்கள்! நல்ல பிள்ளையாக இருந்தது போதும் என்று நினைத்தார்களோ என்னவோ. அதே சீட்டில் குறைவாகச் செலவழித்தவர்களுக்கு ஒரு சிரிக்கிற முகம் வரைந்து கொடுத்ததும் அந்தக் கூடுதல் நின்றுபோனது. எங்கள் வீட்டு மீட்டர் பெட்டி மேல் மகள் சாக்பீஸில் ஒரு முகம் வரைந்திருக்கிறாள், மகனிடம் அது செல்லவில்லை.

இந்த இடத்தில் இன்னொரு பெட்டியைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது, ஏனென்றால் ஆன்லைனில் தேடினால் இதற்குப் பக்கத்திலேயே அதுவும் வரும், "சொருகினால் போதும், பில் குறையும்" என்று. சொந்தக்காரர் ஒருவர் வாங்கி வைத்திருந்தார், கேட்டு வாங்கி அளந்தேன். எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் ஒரு டேபிள் ஃபேனையும் அதையும் சேர்த்துப் போட்டால் ஆம்பியர் இறங்குகிறது, வாட் இறங்கவில்லை. வீட்டு மீட்டர் ஓடுவது வாட் கணக்கில்தான், ஆகவே பில்லில் ஒரு காசு குறையாது. பிறகு அதற்கு எப்படி அத்தனை ஐந்து நட்சத்திரம்? எல்லாமே காசு கொடுத்து எழுதியது என்று நான் நினைக்கவில்லை. அதை ஒருவர் எப்போது வாங்குவார்? சித்திரை வைகாசி வெயிலில் பில் எகிறியதும் வாங்குவார். அதற்குள் ஆரியங்காவுக் கணவாய் வழியாகத் தென்மேற்குக் காற்று இறங்கிவிடும், ஆடிக்காற்றில் ஏசி தன்னால் நிற்கும், அடுத்த பில் தன்னால் குறையும். புகழ் பெட்டிக்கு. பிரான்சிஸ் கால்டன் என்கிற ஆங்கிலேய அறிஞர் 1886-இல் 928 பிள்ளைகளின் உயரத்தைப் பெற்றோர் உயரத்தோடு வைத்துப் பார்த்து, மிக உயரமானவர்களின் பிள்ளைகள் சராசரியாகக் கொஞ்சம் சராசரிப் பக்கம் சாய்வதைக் கண்டார். பில்லும் அப்படித்தான், காற்றே அடிக்காத ஊரில்கூட இருப்பதிலேயே பெரிய பில்லுக்கு அடுத்த பில் பெரும்பாலும் அதைவிடச் சின்னதாகத்தான் இருக்கும். எலுமிச்சம்பழத்தைக் கட்டித் தொங்கவிட்டாலும் குறைந்திருக்கும்.

அதே நியாயம் இந்த அளக்கிற பெட்டிக்கும்தானே? ஆமாம். எங்களுக்கும் அடுத்த பில் குறைந்தது. அதை இந்த விமர்சனத்தில் புகழ்ச்சியாக எழுத மாட்டேன், நடுவில் காற்று மாறிவிட்டது. போன வருடத்து இதே இரண்டு மாதத்துப் பில்லோடு ஒப்பிட்டால்தான் ஏதாவது சொல்ல முடியும், அதிலும் ஊரிலிருந்து விருந்தாளி வந்திருந்தார்களா, சொதி விருந்து நடந்ததா என்று பார்க்க வேண்டும். உறுதியாகச் சொல்லக்கூடியது செட்டாப் பாக்ஸ் விஷயம் ஒன்றுதான், ராத்திரி ஸ்விட்சை அணைத்தால் அந்த 10 வாட் கிடையாது, அதற்கு வெயிலும் காற்றும் சாட்சி சொல்ல வேண்டாம்.

யார் வாங்கலாம் என்றால், பில் 450 யூனிட்டுக்கும் 600 யூனிட்டுக்கும் நடுவில் ஆடுகிறவர்கள், பழைய ஃபிரிட்ஜை மாற்றலாமா என்று யோசிக்கிறவர்கள், வாடகை வீட்டில் யாருடைய ஹீட்டருக்கு எவ்வளவு என்று சண்டை போடுகிறவர்கள். இரண்டு மாதத்துக்கு 200 யூனிட் ஓட்டுகிற வீட்டுக்கு இது வேண்டவே வேண்டாம், அந்தக் காசுக்கு அல்வா வாங்கிச் சாப்பிடலாம். ஒரு தடவை வீட்டை முழுக்க அளந்த பிறகு பெட்டிக்கு வேலை கிடையாது, எண்கள் சாமானுக்குச் சாமான் அப்படியே நிற்கின்றன. எங்களுடையது இப்போது அம்பாசமுத்திரத்தில் மச்சான் வீட்டு ஃபிரிட்ஜில் இருக்கிறது, அடுத்து எதிர்வீட்டு அக்கா கேட்டு வைத்திருக்கிறார்கள். அளவு சரியாகக் காட்டுவதற்கு மூன்றரை நட்சத்திரம், ஆன்லைனில் பாதி கொடுக்க முடியாததால் மூன்று என்று போட்டிருக்கிறேன்.