ஈமேக்ஸ் லிஸ்ப்: இன்டர்ப்ரெட்டரா, பைட்-கோடா, நேட்டிவா?

ஈமேக்ஸ் எடிட்டரின் மொழியான ஈமேக்ஸ் லிஸ்ப்பில் எழுதிய நிரலை மூன்று விதமாக ஓட்டலாம்: மூலமான ஈஎல் கோப்பை இன்டர்ப்ரெட்டரில் அப்படியே, இடைநிலைக் குறியீடான பைட்-கோடாக மாற்றிய ஈஎல்சி கோப்பாக, அல்லது இயந்திரக் குறியீடான (நேட்டிவ்) ஈஎல்என் கோப்பாக. இவற்றில் பைட்-கம்பைலரைத்தான் முதலில் பரிந்துரைப்போம். வேகத்தைவிட அது தரும் எச்சரிக்கைகளுக்காக. எழுத்துப் பிழையான மாறி, எங்கும் வரையறுக்காத ஃபங்ஷன், தவறான எண்ணிக்கையில் ஆர்க்யுமென்ட் எல்லாவற்றையும் ஓட்டுமுன்பே காட்டிவிடும். ஆனால் சோதனையை உங்கள் அமைப்புக் கோப்பு ஏறாத பேட்ச் முறையில் (எடிட்டர் திரை இல்லாமல் கட்டளை வரியில்) செய்யுங்கள். திறந்திருக்கும் ஈமேக்ஸில் மற்ற நூலகங்கள் ஏற்கெனவே ஏறியிருப்பதால், வேறு நூலகத்தை ஏற்றும் 'ரிக்வயர்' வரி விடுபட்டிருந்தாலும் கண்ணில் படாது.

இதில் பெரிய குறை பழைய ஈஎல்சி. மூலத்தைத் திருத்திவிட்டு மறுபடி கம்பைல் செய்ய மறந்தால், மூலம் புதியது என்று ஒரு வரி எச்சரித்துவிட்டு ஈமேக்ஸ் பழைய ஈஎல்சியையே ஏற்றும். திருத்தியும் ஏன் மாறவில்லை என்று தேடியே மணிக்கணக்கில் நேரம் போகும். 'லோட்-ப்ரிஃபர்-நியூவர்' மாறியை 'டி' (லிஸ்ப்பில் 'ஆம்') என்று வைத்தால் இது தீரும்.

மேக்ரோவில், அதாவது வேறு நிரலாக விரியும் நிரல் துண்டில், சிக்கல் இன்னும் ஆழமானது. கம்பைல் செய்யும்போதே மேக்ரோ விரிந்து உறைந்துவிடுகிறது. மேக்ரோவைத் திருத்தினால் அதைப் பயன்படுத்தும் எல்லாக் கோப்புகளையும் மறுபடி கம்பைல் செய்ய வேண்டும். கம்பைல் நேரத்தில் மேக்ரோ ஏறியிருக்காவிட்டால், அது சாதாரண ஃபங்ஷன் அழைப்பாகப் பதிவாகி, ஓடும்போது 'இன்வேலிட் ஃபங்ஷன்' பிழை வரும். மூலத்தை நேரடியாக ஓட்டினால் அதே வரி ஒழுங்காக ஓடுவதுதான் ஆளைக் குழப்பும்.

வேகத்தை அளக்க 'பெஞ்ச்மார்க்-ரன்' போதாது. ஸ்க்ராட்ச் பஃபரில் அது இன்டர்ப்ரெட்டர் வேகத்தைத்தான் அளக்கும். 'பெஞ்ச்மார்க்-ரன்-கம்பைல்டு' பயன்படுத்துங்கள். அதற்குள் அழைக்கும் உங்கள் ஃபங்ஷன் கம்பைல் ஆகாமல் இருந்தால் அது மட்டும் மெதுவாகவே ஓடும். வரும் மூன்று எண்கள்: மொத்த விநாடிகள், குப்பை சேகரிப்பு (பயன்படாத நினைவகத்தை மீட்பது) நடந்த தடவைகள், அதற்குப் போன நேரம். மூன்றாவது எண் பெரிதாக இருந்தால் கம்பைல் செய்து பெரிய பயன் இல்லை, நினைவக ஒதுக்கீட்டைக் குறைக்க வேண்டும்.

நேட்டிவ் கம்பைல் 2022இல் 28ஆம் பதிப்பில் வந்தது. அதற்கு ஜிசிசி கம்பைலரின் லிப்ஜிசிசிஜிட் நூலகம் வேண்டும். ஈஎல்சி கோப்பு ஏறும்போதுதான் பின்னணியில் ஈஎல்என் உருவாகும், ஆகவே பைட்-கம்பைல் செய்யாதவர்களுக்கு இது தானாகக் கிடைக்காது. லிஸ்ப்பிலேயே சுற்றும் கணக்கு லூப்களுக்கு நல்ல பலன் உண்டு. ரெகெக்ஸ் தேடல் போன்றவை ஏற்கெனவே சி மொழியில் இருப்பதால், அங்கே வித்தியாசம் தெரியாது.

இன்டர்ப்ரெட்டரின் இடம் பிழை தேடுவது. ஃபங்ஷனுக்குள் கர்சரை வைத்து கண்ட்ரோல்-யூ, பிறகு கண்ட்ரோல்-மெட்டா-எக்ஸ் அழுத்தினால், அடுத்து அந்த ஃபங்ஷன் அழைக்கப்படும்போது எடிபக் என்ற பிழை தேடும் கருவி அதை ஒவ்வொரு படியாக நடத்தும். இது மூலத்திலிருந்து அந்த ஃபங்ஷனை மறுவரையறை செய்கிறது. வேலை முடிந்ததும் ஈஎல்சியை மீண்டும் ஏற்றாவிட்டால் அந்த அமர்வு முழுவதும் அது மெதுவாகவே ஓடும்.