ஆக்ஸ்போர்டா, கேம்பிரிட்ஜா?

இங்கிலாந்துப் பயணத்தில் ஒரே ஒரு நாள் மிச்சம், பழைய கட்டடங்கள் பார்க்க ஆசை. எந்த ஊருக்குப் போவது? நான் ஆக்ஸ்போர்டு கட்சி. ஆனால் கேம்பிரிட்ஜில் இருக்கும் ஒரு கட்டடம் என் முடிவை ஆட்டம் காண வைக்கும்.

அது கிங்ஸ் கல்லூரித் தேவாலயம். மன்னர் ஆறாம் ஹென்றி 1446-ல் தொடங்கியது. உள்நாட்டுப் போரால் நின்று நின்று, 1515-ல்தான் கல்வேலை முடிந்தது. வெளிச்சுவரை உற்றுப் பாருங்கள்: கீழே வெள்ளைக் கல், அதன் மேல் மங்கிய மஞ்சள் கல். வேலை நின்ற இடம் அதுதான். உள்ளே போய் அண்ணாந்து பார்த்தால் விசிறி விரித்தாற்போல் கல் கூரை. அந்த வகையில் உலகிலேயே பெரியது.

ஆக்ஸ்போர்டில் இப்படி ஒற்றை நட்சத்திரம் கிடையாது, தெருவெல்லாம் தேன்நிறச் சுண்ணாம்புக்கல். 1602-ல் திறந்த போட்லியன் நூலகம், பக்கத்திலேயே ராட்கிளிஃப் கேமரா என்ற வட்டமான கட்டடம். (படம் எடுக்கும் கேமரா இல்லை, லத்தீனில் 'அறை'.) புனித மேரி தேவாலயக் கோபுரத்தில் 127 படி ஏறினால் ராட்கிளிஃப் கேமராவின் குவிமாடம் கண்ணெதிரே நிற்கும். படிகள் குறுகல், முட்டிவலிக்காரர்கள் யோசிக்கவும்.

சரி, படகுக்கு? சந்தேகமே வேண்டாம், கேம்பிரிட்ஜ். கல்லூரிகளின் கொல்லைப்புறத்தை ஒட்டியே கேம் ஆறு ஓடுகிறது. உட்கார்ந்தபடியே பாதி ஊரைப் பார்த்துவிடலாம்.

அப்புறம், தேர்வுக் காலத்தில் இரண்டு ஊரிலும் பல கல்லூரிகள் கதவைச் சாத்திவிடும்.