கரைப்பறவைகளின் ஆங்கிலப் பெயர்கள்: அகராதி, மொழிபெயர்ப்புச் செயலி, பறவைச் செயலி – நெடுநாள் பயன்பாட்டு அனுபவம்

கிருஷ்ணகிரி அணையில் நீர் வடியத் தொடங்கியதும் வெளிப்படும் சேற்றுப் பரப்பில் இரை தேடும் சிறு பறவைகளையும், பாரூர் ஏரிப் பாசன வயல்களிலும் தருமபுரி இராமக்கால் ஏரியின் ஓரத்திலும் தென்படும் அவற்றின் உறவினங்களையும் பார்த்து, அவற்றைத் தமிழில் பட்டியலிட்டுப் பள்ளி மாணவர்களுக்கான கையேடாகத் தொகுப்பது சில ஆண்டுகளாக நான் செய்துவரும் வேலை. பறவைகளை இனங்காண உதவும் நூல்களும் செயலிகளும் பெரும்பாலும் ஆங்கிலத்தில் இருப்பதால், அந்தப் பெயர்களையும் விவரிப்புகளையும் தமிழில் கொண்டுவர மூன்று கருவிகளைப் பயன்படுத்தி வருகிறேன்: ஒரு பொது ஆங்கில-தமிழ் அகராதி, கைப்பேசியில் உள்ள ஒரு மொழிபெயர்ப்புச் செயலி, பறவைகளை இனங்காண உதவும் மெர்லின், பார்த்தவற்றைப் பதிவு செய்ய உதவும் இ-பேர்டு ஆகிய பறவைச் செயலிகள். மற்றப் பறவைகளுக்கு இம்மூன்றும் ஓரளவு ஒத்த உதவியைத் தருகின்றன. நீரோரச் சேற்றில் இரை தேடும் இந்தக் கரைப்பறவைகள் என்று வரும்போது முதல் இரண்டையும் நம்பி ஒரு வரிகூட எழுத முடியாது என்பதே இத்தனை நாள் பயன்பாட்டில் நான் கண்டது.

இதற்குக் காரணம் கருவிகளில் மட்டும் இல்லை. மீன்கொத்தி, மரங்கொத்தி போன்றவற்றின் ஆங்கிலப் பெயர்களுக்கு அகராதியில் பறவையைத் தவிர வேறு பொருள் இருப்பதில்லை. கரைப்பறவைகளில் பலவற்றின் பெயர்களோ ஓரசைச் சொற்கள். ஆங்கிலம் பேசுவோர் வீட்டிலும் தொழிலிலும் வேறு பொருளில் புழங்கும் சொற்கள்.

ரஃப் என்ற பறவையை எடுத்துக்கொள்வோம். குளிர்காலத்தில் தமிழ்நாட்டு நீர்நிலைகளுக்கு வரும் இந்த உள்ளான் வகைக்கு அறிவியல் பெயர் கலிட்ரிஸ் புக்னாக்ஸ். ரஃப் என்ற சொல்லுக்கு அகராதியில் முதலில் கிடைப்பது, 16-ஆம் நூற்றாண்டு ஐரோப்பியச் செல்வர்கள் கழுத்தைச் சுற்றி அணிந்த, கஞ்சியிட்டு மடிப்பு மடிப்பாக விறைத்து நிற்கும் துணிப்பட்டை. சீட்டாட்டத்தில் துருப்புச்சீட்டு இறக்கி வெட்டுவதற்கும் அதே சொல். வட ஐரோப்பாவிலும் சைபீரியாவிலும் இனப்பெருக்கக் காலத்தில் ஆண் பறவையின் கழுத்தில் சிலிர்த்து நிற்கும் இறகுகளைப் பார்த்தவர்களுக்குத் துணிப்பட்டைக்கும் பறவைக்கும் உள்ள உறவு உடனே விளங்கும். நம்மிடம் அது வருவதோ அந்த இறகுகளை உதிர்த்துவிட்ட பழுப்புக் கோலத்தில். ஆகவே அகராதி தரும் பொருளை வைத்துக்கொண்டு ஏரிக்கரையில் நிற்கும் மாணவருக்குப் பறவையில் எதையும் அடையாளம் காட்ட முடியாது. இதே இனத்தின் பெண் பறவைக்கு ரீவ் என்று தனிப்பெயர் உண்டு. பழைய இங்கிலாந்தில் ஊர் நிர்வாகம் பார்த்த அலுவலருக்கும் ரீவ் என்றே பெயர். ஷெரிஃப் என்னும் பதவிப்பெயர் அதிலிருந்து வந்தது. ஒரே இனத்தின் ஆணைத் தேடினால் உடையும் பெண்ணைத் தேடினால் அதிகாரியும் கிடைக்கும் நிலையில், இரண்டும் ஒரு பறவைதான் என்று அகராதியை மட்டும் வைத்திருப்பவர் அறிய வழியே இல்லை.

ஸ்னைப் என்ற சொல்லில் நிலைமை வேறு. இங்கே பறவைதான் முதலில் வந்தது. கோரைக்குள் அசையாமல் பதுங்கியிருந்து, காலடிக்கு மிக அருகே சட்டென எழும்பி, வளைந்து வளைந்து பறக்கும் இந்த உள்ளானைச் சுட்டு வீழ்த்துவது கடினம். 1770-களில் இந்தியாவிலிருந்த பிரிட்டிஷ் படையினரின் கடிதங்களில் ஸ்னைப் வேட்டை பற்றிய பேச்சு வருகிறது; அந்த வழக்கிலிருந்தே மறைந்திருந்து குறிபார்த்துச் சுடுவதற்கும், சுடுபவருக்கும் இன்று உலகெங்கும் வழங்கும் சொற்கள் பிறந்தன. இந்த வரலாற்றில் நம் நாட்டு நீர்நிலைகளுக்கும் பங்கு உண்டு என்பதால் மாணவர்களிடம் இதை நான் விரும்பிச் சொல்வதுண்டு. ஆனால் மொழிபெயர்ப்புச் செயலியில் ஒரு பத்தியை உள்ளிட்டால் பறவை மறைந்து துப்பாக்கிதான் மிஞ்சுகிறது. பறவை நூலிலிருந்து எடுத்த பத்தி என்பது சுற்றியுள்ள சொற்களிலிருந்தே தெளிவாகத் தெரியும்போதும் இது நிகழ்ந்திருக்கிறது.

நாட் என்ற கரைப்பறவையின் பெயரைத் தேடினால் கிடைப்பது முடிச்சு. கப்பலின் வேகத்தை அளக்கும் அலகும் அதுவே, மணிக்கு 1.852 கிலோமீட்டர். முடிச்சிட்ட கயிற்றைக் கடலில் விட்டு வேகம் கணித்த பழக்கத்திலிருந்து வந்த பொருள் அது. பறவையின் பெயருக்கு முடிச்சோடு தொடர்பு இல்லை. இங்கிலாந்தை ஆண்ட கானூட் மன்னரின் பெயரோடு அதை இணைத்துப் பேசும் மரபு உண்டு, உயிரினங்களுக்கு அறிவியல் பெயரிடும் முறையை வகுத்த லின்னேயஸ் வைத்த அறிவியல் பெயரான கனூட்டஸ் அதை ஒட்டியதே. இன்னொரு கரைப்பறவையான ஸ்டின்ட் என்றால் ஒரு பணியில் கழித்த காலம், அல்லது கைச்சிக்கனம். ஸ்டில்ட் என்றால் பொய்க்கால் கட்டை. நெடுங்கால் உள்ளானுக்கு அது பொருந்தி வருவதால் இந்த ஒன்றில் மட்டும் அகராதி வழி தவறவிடுவதில்லை.

பெயர்களைவிட விவரிப்புகளில்தான் மொழிபெயர்ப்புச் செயலி எனக்குக் கூடுதல் வேலை வைத்தது. கரைப்பறவைகளை இனம் பிரிப்பதில் அலகின் நீளமும் வளைவும் முதன்மையானவை. அலகைக் குறிக்கும் ஆங்கிலச் சொல் பில். நான் பயன்படுத்திய செயலி அதை ஒரு வரியில் ரசீது என்றும் இன்னொரு வரியில் சட்டமன்றத்தில் வைக்கும் மசோதா என்றும் மாற்றியது. உச்சந்தலையைக் குறிக்கும் கிரவுன் என்ற சொல் மகுடமாயிற்று. இறக்கைப் பட்டையைக் குறிக்கும் பார் என்ற சொல் மதுக்கூடமாயிற்று. தனித்தனியே பார்த்தால் இவை எளிதில் கண்டுபிடித்துத் திருத்தக்கூடியவை. ஒரே பத்தியில் நான்கைந்து சேர்ந்துவிட்டால், ஆங்கில மூலம் தெரியாத மாணவர் அது பறவையைப் பற்றியது என்றே உணர மாட்டார். எனவே விவரிப்புகளை மொழிபெயர்ப்பதற்கு இந்தச் செயலியைப் பயன்படுத்துவதை நிறுத்திவிட்டேன். ஊர்ப்பெயர்களின் உச்சரிப்பைச் சரிபார்க்க மட்டும் இப்போது உதவுகிறது.

இரண்டு சொல் சேர்ந்த பெயர்கள் வேறு வகையில் ஏமாற்றும். கர்லியூ சாண்ட்பைப்பர் என்பது சாண்ட்பைப்பர் என்னும் உள்ளான் வகைதான். அதன் அலகு, கர்லியூ என்னும் வேறொரு கரைப்பறவையின் அலகுபோல வளைந்திருப்பதால் முன்னொட்டு வந்தது. ஸ்டோன்-கர்லியூ கர்லியூவே அல்ல. அது தருமபுரி, பென்னாகரம் பக்கத்துப் புதர்க்காடுகள் போன்ற வறண்ட நிலத்துக்கு உரிய, பெரிய மஞ்சள் கண்களைக் கொண்ட கண்கிலேடி. பெயிண்டட்-ஸ்னைப்பும் அப்படியே: தமிழில் மயில் உள்ளான் என்று வழங்கும் அது, ஸ்னைப்புகளின் குடும்பத்தில் சேராது. அதில் பெண்ணே அதிக வண்ணம் கொண்டது, அடைகாப்பது ஆண். ஆங்கிலப் பறவை நூல்களில் இத்தகைய பெயர்களுக்கு நடுவே ஒரு சிறு இணைப்புக்கோடு இருக்கும். பின்னால் வரும் சொல் உண்மையான குடும்பப் பெயர் அன்று என்பதற்கான அடையாளம் அது. இந்தக் கோட்டைக் கவனிக்கத் தொடங்கிய பிறகு பட்டியல்களில் குடும்பங்களைப் பிரித்து வைப்பது எனக்கு மிகவும் எளிதாயிற்று. கணினியில் வெட்டி ஒட்டும்போது இக்கோடு காணாமல் போய்விடுவதால், தட்டச்சு செய்பவர்கள் இதைக் கண்ணில் வைத்திருப்பது நல்லது.

பிரிட்டிஷ் ஆங்கிலமும் அமெரிக்க ஆங்கிலமும் இங்கே முட்டிக்கொள்கின்றன. கரைப்பறவைகளை அமெரிக்கர் ஷோர்பேர்ட் என்பர், பிரிட்டனில் வேடர். அமெரிக்காவில் அதே வேடர் என்ற சொல் கொக்கு, நாரை, அரிவாள்மூக்கன் போன்ற நெடுங்கால் பறவைகளைக் குறிக்கும். நீரில் இறங்கி மீன் பிடிப்பவர் அணியும் நீர்புகாக் காலுடைக்கும் அதுவே பெயர். பிரிட்டனில் கிரே பிளவர் எனப்படும் பறவை அமெரிக்காவில் பிளாக்-பெல்லிடு பிளவர். குளிர்காலச் சாம்பல் நிறத்தைப் பார்த்துப் பெயரிட்டது ஒரு நாடு, இனப்பெருக்கக் காலக் கருவயிற்றைப் பார்த்துப் பெயரிட்டது மற்றொன்று. கோடியக்கரை போன்ற நம் கடற்கரைகளில் குளிர்காலத்தில் காணக்கூடிய இப்பறவைக்கு அமெரிக்கப் பெயரைத் தமிழாக்கி வைத்தால், பார்ப்பவர் இல்லாத கருவயிற்றைத் தேடிக்கொண்டிருப்பார். ஆகவே எந்த நாட்டு நூலிலிருந்து பெயரை எடுத்தோம் என்பதையும் கையேட்டில் குறிப்பது என் வழக்கம்.

மொழிபெயர்க்காமல் ஒலிபெயர்த்துவிட்டால் சிக்கல் தீரும் என்று சிலர் சொல்வதுண்டு. அதையும் ஒரு பருவம் முழுவதும் செய்து பார்த்தேன். மேலே எழுதியிருப்பதை மீண்டும் ஒருமுறை படித்தாலே விளைவு தெரியும்: வேடர் என்று தமிழில் எழுதினால் கண்ணப்பர் குலத்தவராக வாசிக்கப்படும், பிளவர் என்றால் நம் காய்கறிக் கடைகளில் காலிபிளவர். ஆங்கிலத்தில் இரு பொருள் இருந்த சொல்லுக்குத் தமிழெழுத்து மூன்றாவது பொருளையும் சேர்த்துவிடுகிறது. மாணவர்கள் இப்பெயர்களை மனத்தில் இருத்தவே இல்லை. பட்டாணி உப்புக்கொத்தி, பச்சைக்காலி, பவளக்காலி ஆகியவற்றை ஒரே முறை கேட்டு நினைவில் வைத்துக்கொண்டார்கள்.

தமிழ்ப் பெயர்களிலும் பொருள் மயக்கம் இல்லாமல் இல்லை. உள்ளான் என்ற ஒரு சொல் ஸ்னைப், சாண்ட்பைப்பர், ஸ்டின்ட், ஸ்டில்ட் ஆகிய எல்லாவற்றையும் அணைத்துக்கொள்கிறது. கர்லியூவுக்குக் குதிரைமலைக் கோட்டான் என்று பெயர். கோட்டான் என்றாலே ஆந்தையை நினைக்கும் நம் ஊரில் இதை விளக்காமல் சொல்ல முடியாது. ஆள்காட்டி என்பது விரலுக்கும் பெயர், காட்டிக்கொடுப்பவருக்கும் பெயர். ஆள் நெருங்கினால் கத்தி ஊரைக் கூட்டும் பறவை என்பதால் பெயர்க்காரணம் வயலில் வேலை செய்யும் எவருக்கும் தெரியும் (ஓசூர், தளி பக்கத்தில் கன்னடம் பேசுவோர் அதன் குரலை ஒட்டி டிட்டிப என்பார்கள்). எனினும் தேடுபொறியில் ஆள்காட்டி என்று இட்டால் விரலைப் பற்றியவைதான் அதிகம் வருகின்றன.

இவ்வளவுக்கும் நடுவில் உறுதியாகக் கைகொடுத்தவை பறவைச் செயலிகள். 2002-இல் தொடங்கிய இ-பேர்டும், 2014-இல் வெளிவந்த மெர்லினும் கார்னெல் பறவையியல் ஆய்வகத்தின் படைப்புகள், இரண்டும் இலவசம். மெர்லின் என்ற சொல்லும் ஒரு சிறு வல்லூறைக் குறிக்கும், பழங்கதை மந்திரவாதியையும் குறிக்கும். அதைச் செயலியின் பெயராக வைத்திருப்பது இந்தப் பொருளுக்கு ஏற்றதே. வட்டாரத் தொகுப்பை வீட்டிலேயே இறக்கி வைத்துக்கொண்டால், பஞ்சப்பள்ளி அணைப் பக்கம் போல அலைவரிசை எட்டாத இடத்திலும் மெர்லின் வேலை செய்கிறது. எனக்கு மிகவும் பயன்பட்டது, பொதுப்பெயரோடு அறிவியல் பெயரையும் காட்டும் வசதி. ஆங்கிலப் பெயரை அகராதியில் தேடுவதை விட்டு, அறிவியல் பெயரைக் கொண்டு தமிழ்ப் பெயரைத் தேடத் தொடங்கியதும் கழுத்துப்பட்டையும் முடிச்சும் துப்பாக்கியும் ஒரேயடியாக விலகின. ஒன்றை மட்டும் கவனிக்க வேண்டும்: அறிவியல் பெயரும் மாறும். ரஃப் முன்பு ஃபிலோமாக்கஸ் பேரினத்தில் இருந்தது, இன்று கலிட்ரிஸில் இருக்கிறது. பழைய நூலை வைத்திருப்பவர்கள் இரண்டு பெயரையும் குறித்துக்கொள்ள வேண்டும்.

தொலைவில் எடுத்த மங்கலான படத்தை வைத்து ஒரு பழுப்பு உள்ளானை உறுதியாக இனங்காண்பது எந்தக் கருவிக்கும் இயலாதது. விசிறி போல விரியும் வாலா, வாலின் ஓரத்தில் ஊசி போன்ற இறகுகளா என்று தெரியாமல் எழும்பிப் பறந்துவிடும் ஸ்னைப்புக்கு ஊகித்து ஒரு பெயரை எழுதத் தேவையில்லை. இனம் குறிப்பிடாமல் பேரின அளவிலோ குழு அளவிலோ பதிவு செய்ய இ-பேர்டில் இடமுண்டு. எங்கள் தமிழ்க் கையேட்டில் அந்தக் கட்டத்தில் உள்ளான் என்று மட்டும் எழுதுகிறோம். ஏரிக்கரை உழவர்கள் காலங்காலமாக அப்பறவைகளைச் சொல்லிவரும் பெயரும் அதுவே.